வீட்டில் கட்டும் சிறு மரப்படகு: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

4 முதல் 6 மி.மீ. தடிமனுள்ள மரைன் பிளைவுட்டை வெட்டி, விளிம்புகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்ஸியாலும் (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) கண்ணாடிநார்த் துணியாலும் பிணைத்து, கடைசியில் பெயிண்டோ வார்னிஷோ அடித்து முடிக்கும் மூன்று, நான்கு மீட்டர் படகுகளுக்கானது இந்த வழிமுறை. சட்டம் நிறுத்திப் பலகை அறைந்து கட்டும் படகுக்கும் பூச்சு, கசிவு பற்றிய பகுதிகள் பொருந்தும்.

ஒரு குறை கண்ணில் படும் நேரமும் அது உண்டான நேரமும் பெரும்பாலும் வேறுவேறு. வார்னிஷ் உரிந்தால், அடியில் கழுவாமல் விட்ட எபாக்ஸியைத்தான் சந்தேகிக்க வேண்டும். படகுக்குள் தண்ணீர் ஊறினால், மாதங்களுக்கு முன் பூசாமல் முடுக்கிய ஒரு திருகாணி காரணமாக இருக்கலாம். அதனால் எந்த அறிகுறியைக் கண்டாலும் முதல் வேலை, அடுத்த பூச்சை நிறுத்துவது. குறையின் மேல் பூசியதெல்லாம் பிறகு சுரண்டி எடுக்க வேண்டியதாகிவிடும்.

தொடக்கத்திலிருந்தே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை எபாக்ஸி கலக்கும்போதும் அதே கலவையில் கொஞ்சத்தை ஒரு துண்டுப் பிளைவுட்டில், படகில் பூசும் அதே கனத்தில் தடவி, தேதியும் நேரமும் வெப்பநிலையும் எழுதி வையுங்கள். படகைத் தொடாமலே அந்தத் துண்டைக் கீறியும் வளைத்தும் சோதிக்கலாம். கப்பில் மிஞ்சிய கலவையை வைத்து முடிவு செய்யாதீர்கள்; மொத்தமாக இருப்பது தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும், மெல்லிய பூச்சு அப்படி இறுகாது.

எபாக்ஸி மறுநாளும் பிசுபிசுக்கிறது

நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்து விரல் ஒட்டாமல் வந்தால் பாதி இறுகியிருக்கிறது என்று பொருள். குளிர் காரணமாக இருக்கலாம். விரலோடு நூல்நூலாக இழுபட்டால் கலவையிலேயே தவறு.

பிறகு, பிசுபிசுப்பு எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். பரப்பு முழுக்க ஒரே சீராக இருந்தால் விகிதம் தவறியிருக்கும், அல்லது குளிராக இருந்திருக்கும். திட்டுத்திட்டாக, பக்கத்திலேயே நன்றாக இறுகிய இடங்களுடன் இருந்தால் கலவையைச் சரியாகக் கிளறவில்லை. கப்பின் சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கிடந்த, ஹார்டனர் சேராத ரெசினைக் கடைசியில் வழித்துப் பூசிய இடங்கள்தான் அந்தத் திட்டுகள்.

குளிர்தான் காரணம் என்றால் படகைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் கூடாரம் கட்டி, உள்ளே 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை மின்சார ஹீட்டரால் சூடேற்றி இரண்டு நாள் விடுங்கள். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். எரிவாயு, மண்ணெண்ணெய் அடுப்புகளைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறமிருக்க, அவை விடும் கரியமில வாயுவும் நீராவியும் எபாக்ஸியின் மேல் மெழுகுப் படலத்தை உண்டாக்கும்.

இரண்டு நாள் சூட்டிலும் மாறவில்லை என்றால் அது இனி இறுகாது. மேலே ஹார்டனரைத் தடவுவதால் பயனில்லை. பாலியெஸ்டர் ரெசினில் வினையூக்கி 1 முதல் 2 சதவீதம்தான் சேரும். அதைக் கொஞ்சம் கூட்டினால் வேகம் கூடும். எபாக்ஸியில் ரெசினும் ஹார்டனரும் குறித்த அளவில் ஒன்றோடொன்று இணைகின்றன. எது மிஞ்சினாலும் அது இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கி, மொத்தத்தையும் இளக்கிவிடும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. வேகம் வேண்டுமானால் வேக ஹார்டனர் தனியாகக் கிடைக்கிறது. அதை அதற்குரிய விகிதத்தில் சேருங்கள்.

அகற்றும் முறை: ஹீட் கன்னால் மிதமாகச் சூடு காட்டி, மழுங்கிய சுரண்டியால் வழித்தெடுங்கள். நார்த்துணி உள்ளே இருந்தால் அதையும் சேர்த்து உரியுங்கள். ஹீட் கன்னை அணைத்து, பரப்பு முழுவதும் ஆறிய பிறகு அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள். மரம் உலர்ந்ததும் 80 எண் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசலாம். சூடும் அசிட்டோனும் ஒரே நேரத்தில் அருகருகே இருக்கக் கூடாது.

அடுத்த கலவை தவறாமல் இருக்க, அளவை முதலில் சரிபாருங்கள். 2:1 என்று டப்பாவில் போட்டிருந்தால் அது பருமன் விகிதமா எடை விகிதமா என்று படியுங்கள். ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது, ஆகவே பருமன் விகிதத்தைத் தராசில் அப்படியே வைத்தால் ஹார்டனர் கூடிவிடும். பம்பு பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு நாளும் முதல் அழுத்தலைத் தனியே விட்டு, குழாயில் காற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் ஓரமும் அடியும் வழித்துக் கிளறி, வேறொரு சுத்தமான கப்புக்கு மாற்றி, இன்னும் ஒரு நிமிடம் கிளறினால் திட்டுத் தொல்லை வராது. ரெசின் டப்பாவுக்குள் சர்க்கரைப் பரல் போலக் கலங்கிக் கிடந்தால் அது குளிரில் படிகமாகியிருக்கிறது, கெட்டுப்போகவில்லை. 50 டிகிரி வெந்நீரில் டப்பாவை நிறுத்தி, முழுக்கத் தெளியும்வரை வைத்து, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கலவை கப்பிலேயே சூடாகிப் புகைகிறது

அளவு அதிகம், கப்பு ஒடுக்கம். வெளியே கொண்டுபோய்த் தீப்பிடிக்காத தரையில் வைத்துவிடுங்கள். குப்பைக் கூடையில் போடாதீர்கள். இனி ஒரு முறைக்கு 150 முதல் 200 கிராமுக்கு மேல் கலக்காமல், கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

இறுகிய பரப்பில் வழவழப்பான படலம், தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்கிறது

ஈரமான காற்றில் ஹார்டனரிலுள்ள அமீன் என்னும் வேதிப்பொருள், கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து மேலே விடும் கழிவு இது. தண்ணீரில் கரையும், தின்னரில் சரியாகக் கரையாது. முதலில் தேய்த்தால் படலம் கீறல்களுக்குள் புகுந்து, அடுத்த பூச்சு முழுவதையும் கெடுத்துவிடும். சுத்தமான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவி, ஈரம் காயுமுன் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் பரப்பு சுத்தம். அதன்பிறகுதான் உப்புத்தாள். படலம் விடாத வகை என்று சொல்லி விற்கும் எபாக்ஸியாக இருந்தாலும் கழுவிவிடுவதே நல்லது. அதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு.

முந்தைய பூச்சு விரல் தடம் பதியும் பக்குவத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் கழுவவோ தேய்க்கவோ தேவையில்லை. ஒரே நாளில் இரண்டு, மூன்று பூச்சு முடித்துவிடுவதன் பெரிய லாபம் அதுதான்.

பூசிய சற்று நேரத்தில் குமிழிகள் கிளம்புகின்றன

மரத்துக்குள் காற்று இருக்கிறது. வெயில் ஏறஏற அது விரிந்து, இறுகாத எபாக்ஸியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. காலையில் பூசிய படகில் இது வரும், மாலையில் பூசியதில் வராது. ஆகவே முதல் பூச்சை, வெப்பநிலை இறங்கத் தொடங்கும் பிற்பகலில், நிழலில் பூசுங்கள். அப்போது சுருங்கும் காற்று எபாக்ஸியை மரத்துளைக்குள் இழுத்துக்கொள்ளும். படகு சூடாக இருந்தால் ஆறவிடாமல் பூசலாம், பூசிய பிறகு சூடேறத்தான் கூடாது.

வந்துவிட்ட குமிழி இன்னும் ஈரமாக இருந்தால் நுனித் தூரிகையால் மெல்ல இழுத்து உடைக்கலாம். இறுகிவிட்டால் 80 எண் தாளால் தலையைத் திறந்து, சிலிக்கா தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய எபாக்ஸியைக் குழிக்குள் அழுத்தி வழித்து, அதற்கு மேல் பூசுங்கள். திறக்காமல் மேலே பூசினால் குமிழி அங்கேயே இருக்கும். பிறகு உடைந்து தண்ணீருக்கு வழிவிடும்.

வழவழவென்ற பரப்பில் கண் கண்ணாகப் பூச்சு விலகி நின்றால் அது வேறு கோளாறு. கை எண்ணெய், சிலிகோன், மெழுகு ஏதோ பட்டிருக்கிறது. ஒரு துணியில் கரைப்பான் நனைத்துத் துடைத்து, அது காயுமுன் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்து, பிறகு தேய்க்க வேண்டும். படகு கட்டும் இடத்தில் சிலிகோன் ஸ்பிரேயைத் திறக்கவே வேண்டாம்.

நார்த்துணியில் வெள்ளைத் திட்டுகள்

கிட்டப் பார்த்தால் இரண்டு வகை. நெசவுக் கட்டங்கள் வெண்புள்ளிகளாகத் தெரிந்தால் துணி போதுமான எபாக்ஸி குடிக்கவில்லை, பிளைவுட் உறிஞ்சிவிட்டது. ஓரம் தெளிவான, வெளிறிய திட்டாக இருந்து நாணயத்தால் தட்டும்போது சத்தம் மாறினால், துணி மரத்தை விட்டு எழும்பியிருக்கிறது.

வெண்புள்ளி மட்டும் என்றால், இறுகுமுன் மேலே இன்னும் எபாக்ஸி தடவினால் தெளியும். இறுகிய பின் தெளியாது. பெயிண்ட் அடிக்கப்போகும் படகில் அது பலத்தை அதிகம் பாதிக்காவிட்டால் விட்டுவிடலாம்; மர ரேகை தெரிய வார்னிஷ் அடிக்கும் படகில் வெட்டி எடுக்கத்தான் வேண்டும். எழும்பிய திட்டு விரல்நக அளவு என்றால் இரண்டு துளையிட்டு, ஒன்றில் சிரிஞ்சால் எபாக்ஸி ஏற்றி மற்றதில் வெளிவரும்வரை நிரப்புங்கள். அதைவிடப் பெரிது என்றால் வெட்டியெடுத்து, சுற்றிலும் 50 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, ஒட்டுத்துணி போடுங்கள்.

வராமல் தடுக்க, வெறும் பிளைவுட்டுக்கு முதலில் ஒரு உறிஞ்சு பூச்சு கொடுத்து, அது இறுகியதும் தேய்த்துவிட்டுத் துணி விரியுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணிக்கு, ஏறக்குறைய அதே எடை எபாக்ஸி நனைக்கப் போதும். நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிளாஸ்டிக் தகட்டால் வழியுங்கள். சரியாக நனைந்த துணி தெளிவாகத் தெரியும், ஆனால் நெசவு மேலே துருத்தி மங்கலாக இருக்கும். பளபளவென்று குளம்போல நின்றால் துணி எபாக்ஸிக்குள் மிதக்கிறது. பின்னால் தேய்க்கும்போது அந்த மேடுகளில்தான் துணி அறுபடும்.

நெசவுக் குழிகளை நிரப்ப மேலும் இரண்டு, மூன்று பூச்சு வேண்டும். தேய்க்கையில் நார் மினுங்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். முழுப் பரப்பும் ஒரே மங்கல் நிறமாகும்வரை தேய்ப்பதைவிட, பளபளக்கும் குழிகள் மிஞ்சியிருக்க நிறுத்தி இன்னொரு பூச்சு பூசுவது மேல். தூசுக்கு முகமூடி கட்டாயம். பாதி இறுகிய எபாக்ஸித் தூசு தோல் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்தால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். கையில் பட்ட எபாக்ஸியை அசிட்டோனாலோ வினிகராலோ துடைக்காமல் சோப்பால் கழுவுங்கள்.

மூலைப்பட்டி வெடிக்கிறது அல்லது பெயர்ந்து வருகிறது

ஃபில்லெட் என்று சொல்லும் இந்த உள்மூலைப் பட்டிதான் இரண்டு பலகைகளையும் பிடித்திருக்கிறது. பெயர்ந்த துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, சுமைதான் தாங்கவில்லை. பட்டியின் அளவைக் கூட்ட வேண்டும். வழவழவென்று மரமே இல்லாமல் வந்தால் பிணைப்பு நடக்கவே இல்லை: உலர்ந்த மரத்தில் கெட்டிக் கலவையை நேரடியாக அப்பியிருப்பார்கள், அல்லது கழுவாத பழைய எபாக்ஸியின் மேல் இட்டிருப்பார்கள். அந்தப் பட்டி முழுவதையும் நம்ப முடியாது, எடுத்துவிடுங்கள்.

மீண்டும் இடும்போது மூலையில் முதலில் தூள் எதுவும் சேர்க்காத எபாக்ஸியைத் தூரிகையால் தடவி 10, 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மாவாகப் பொடித்த மரத்தூளும் கொஞ்சம் சிலிக்காவும் சேர்த்து, குச்சியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாத கெட்டிக்குக் கொண்டுவந்து, 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 20 முதல் 25 மி.மீ. ஆரத்தில் வளைவான தகட்டால் இழுங்கள். மைக்ரோபலூன் என்னும் உள்ளீடற்ற நுண்மணித் தூள் தேய்க்க இலகுவாக இருக்கிறது என்று அதை இங்கே போடாதீர்கள். பள்ளம் நிரப்பவே அது தகும், பலம் தராது. பட்டி ஈரமாக இருக்கும்போதே 75 மி.மீ. அகல நார்த்துணிப் பட்டையை மேலே போட்டு நனைத்தால் இரண்டும் ஒன்றாக இறுகும், இடையில் தேய்க்கும் வேலையும் மிச்சம்.

தையல் கம்பி உள்ளே சிக்கி வரவில்லை என்றால் சால்டரிங் இரும்பைக் கம்பியின் மேல் சில நொடி வைத்து, எபாக்ஸி இளகியதும் குறடால் நேராக இழுங்கள்.

தைத்த படகு முறுக்கிக்கொண்டு நிற்கிறது

பசை போடுமுன் கண்டுபிடித்தால் இதில் கவலைக்கு ஒன்றுமில்லை. நேரான இரண்டு கட்டைகளை, ஒன்றை அணியத்தின் (படகின் முன்முனை) அருகிலும் மற்றதைப் பின்பலகையிலும் குறுக்கே வைத்து, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும். தரை சமமாக இருக்கத் தேவையில்லை, கட்டைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் போதும். அதோடு அணியத்திலிருந்து பின்பலகையின் நடுவுக்கு நூல் கட்டி, ஒவ்வொரு குறுக்குப் பலகையின் நடுக்குறியும் நூலுக்கு நேர் கீழே வருகிறதா என்று தூக்குக்குண்டால் பாருங்கள்.

முறுக்கு இருந்தால் உயர்ந்து நிற்கும் மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கயிறு கட்டி இறுக்கலாம், அல்லது அந்த மூலையில் எடை வைக்கலாம். அதற்குமுன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முறுக்குக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பக்கக் கம்பிகளை முழுவதும் முடுக்கிவிட்டு மறுபக்கம் போனதுதான். இரு பக்கமும் மாறிமாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். நேரானதும் கம்பிகளுக்கு இடையில் சிறுசிறு பசைப் பொட்டுகள் வைத்து இறுகவிட்டு, மறுநாள் மறுபடி பார்த்த பிறகே முழுப் பட்டியும் இடவும்.

பசை இறுகிய பின் தெரிந்தால், சில மில்லிமீட்டர் முறுக்கைத் துடுப்புப் படகில் யாரும் உணர மாட்டார்கள், விட்டுவிடுங்கள். விரலளவுக்கு மேல் என்றால் உள்பட்டிகளை அறுத்துத் திரும்பத் தைப்பதைத் தவிர வழியில்லை.

நீட்டிச் சேர்த்த பிளைவுட் வளைக்கும்போது மூட்டில் முறிகிறது

இரு தாள்களின் ஓரங்களையும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டும் மூட்டு இது. சரிவு போதவில்லை, அல்லது மூட்டில் பசை வறண்டுவிட்டது. 1:8 சரிவு என்றால் 6 மி.மீ. தாளுக்கு 48 மி.மீ. நீளச் சரிவு வர வேண்டும். வெட்டுமுகம் பசையை ஏராளமாகக் குடிக்கும், ஆகவே மூலைப்பட்டிக்குச் செய்ததுபோல் முதலில் வெறும் எபாக்ஸி தடவி ஊறவிட்டு, பிறகு கெட்டிக் கலவை. கிளாம்பை நெரிக்காதீர்கள், ஓரத்தில் லேசாகப் பசை பிதுங்கினால் போதும். எபாக்ஸிக்கு மெல்லிய இடைவெளி வேண்டும்.

பெயிண்ட் அல்லது வார்னிஷ் காயவே இல்லை

சாதாரண எண்ணெய் வகை எனாமலும் வார்னிஷும் காய்வதற்கு அவற்றில் உலர்த்திகள் உண்டு. எபாக்ஸியிலிருந்து வரும் அமீன் அவற்றின் வேலையைக் கெடுத்துவிடும். எபாக்ஸி கைக்கு இறுகியதாகத் தோன்றினாலும் முழுப் பலத்துக்கு ஒரு வாரம் ஆகும். அதுவரை பொறுத்து, கழுவி, 120இல் தொடங்கி 220 எண் தாள் வரை தேய்த்து, சோதனைத் துண்டில் அந்த பெயிண்டை அடித்துப் பார்த்துவிட்டுப் படகுக்கு வாருங்கள். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் இதற்குத் தகராறு செய்யாது. ஏற்கெனவே அடித்தது கொழகொழவென்று நின்றால் கரைப்பான் கொண்டு முழுவதும் வழித்தெடுங்கள்.

வார்னிஷ் சுருங்கி வரிவரியாக நின்றால் கனமாக அடித்திருக்கிறீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து அடிப்பாகம் பிறகு இறுகியது. மாலையில் அடித்துக் காலையில் மங்கியிருந்தால் பனி இறங்கியிருக்கிறது, நன்கு காய்ந்ததும் தேய்த்து அடுத்த பூச்சை முற்பகலில் முடியுங்கள். தாள்தாளாக உரிந்தால் அடியில் பளபளப்பைத் தேய்க்காமல் விட்டிருக்கிறது. வெயிலில் நிற்கும் படகில் எபாக்ஸியை வெறுமையாக விடவே கூடாது, புற ஊதாக் கதிர் அதை மஞ்சளாக்கிப் பொடியாக்கும். புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷ் குறைந்தது ஆறு பூச்சு வேண்டும்.

முடித்த சில வாரத்தில் பளபளப்பான பெயிண்டின் அடியில் நெசவு தெரியத் தொடங்கினால், வெயில் சூட்டில் எபாக்ஸி மேலும் இறுகிச் சுருங்கியிருக்கிறது. கருமை, கருநீலம் போன்ற நிறங்களில் இது மோசம். கடைசித் தேய்ப்புக்கு முன் படகைச் சில நாள் வெயிலில் நிறுத்தி, சுருங்குவதை அப்போதே சுருங்கவிடுங்கள். வெளிர் நிறம் தேர்ந்தெடுங்கள்.

படகுக்குள் தண்ணீர் வருகிறது

கசிவை ஏரியில் தேடாதீர்கள், தரையில் தேடுங்கள். படகை மெத்தை வைத்த தாங்குகட்டைகள் மூன்று, நான்கின் மேல் வைத்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து, மூட்டுகளிலும் திருகாணித் தலைகளிலும் சாக்குக்கட்டித் தூள் தடவுங்கள். உள்ளே 5 செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சதுர மீட்டர் அடிக்கு அதுவே 50 கிலோ, அதற்குமேல் ஊற்றினால் தாங்கும் இடத்தில் படகு நசுங்கும். தூள் கறுக்கும் இடம் வெளித்துளை. உள்துளை அதற்கு நேர் எதிரே இருக்க வேண்டியதில்லை, தண்ணீர் பிளைவுட் அடுக்குகளுக்கு இடையில் வெகுதூரம் ஓடும்.

வழக்கமான இடங்கள் இவை: ஏராக்கட்டையின் (படகின் அடியில் நடுக்கோட்டில் பொருத்தும் கட்டை) திருகாணிகள், வடிகால் அடைப்பான், நிரப்ப மறந்த தையல் துளைகள், பாய்ப்படகானால் நடுப்பலகை இறங்கும் பெட்டியின் அடிமூட்டு. திருகாணித் துளைக்கு நிரந்தரத் தீர்வு ஒன்றுதான். திருகாணியைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் துளைத்து, மரத்தைச் சில நாள் உலர்த்தி, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டு முடுக்குங்கள். தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. வெளியிலிருந்து சிலிகோன் அப்பினால் சில நாள் நிற்கும், அதன்பிறகு அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது.

மூடிய காற்றறையில் மட்டும் தண்ணீர் இருந்தால், வெயிலில் சூடேறிய அறை குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, ஊசித்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. மூட்டுகளில் சோப்பு நீர் தடவி, அறைக்குள் ஒரு குழாய் வழியாக வாயால் ஊதுங்கள், நுரை எழும் இடம் ஓட்டை. கம்ப்ரசர் வேண்டாம், அறை பிளந்துவிடும். நுரை எங்கும் வராமல் உள்ளே சில துளிகளே இருந்தால் அது வெறும் வியர்வை. கரையேறியதும் மூடியைத் திறந்து வையுங்கள்.

மரம் கறுக்கிறது

இரும்புத் திருகாணியைச் சுற்றி மட்டும் என்றால் ஓக், தேக்கு போன்ற மரங்களின் துவர்ப்பொருள் இரும்போடு சேர்ந்த கறை. சிலிக்கான் வெண்கலத் திருகாணிக்கு மாற்றி, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் கறையை வெளுக்கலாம், கையுறை போட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு. பித்தளை உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து நொறுங்கும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிளைவுட் வெட்டுமுகத்திலிருந்து கறுப்பு பரவினால் குத்தூசியால் குத்துங்கள். ஊசி எளிதாக இறங்கினால் உளுத்துவிட்டது. நீர்த்த எபாக்ஸி ஊற்றி அதைக் காப்பாற்ற முடியாது, நல்ல மரம் வரும்வரை வெட்டியெடுத்து 1:8 சரிவில் ஒட்டுப் போட வேண்டும். புதிய வெட்டுமுகம் ஒவ்வொன்றுக்கும் மூன்று பூச்சு.

துடுப்புப் போட்டால் ஒரே பக்கம் திரும்புகிறது

துடுப்புகளை இடம் மாற்றிப் பாருங்கள், ஆளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே பக்கம் என்றால் படகைக் கவிழ்த்து, நடுக்கோட்டில் நூல் இழுத்து, பின்னடியிலுள்ள ஏராக்கட்டை நூலுக்கு நேராக நிற்கிறதா என்று அளவுகோலால் அளவெடுங்கள். பின்முனையில் 5 மி.மீ. விலகினாலும் படகு இழுக்கும். கட்டையை நேராக்க அறுத்தெடுக்க வேண்டியதில்லை. விலகிய பக்கத்தை இழைப்புளியால் மெலிதாக்கி, மறுபக்கம் கெட்டி எபாக்ஸியால் நிரப்பி நூலுக்குக் கொண்டுவந்து, வெட்டிய இடத்தில் மறுபடி நார்த்துணிப் பட்டை ஒட்டி, மூன்று பூச்சு கொடுத்தால் போதும்.